"செல்லமாத்தான் கடிக்கும்" என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

"ஒண்ணும் செய்யாது ஆச்சி, செல்லமாத்தான் கடிக்கும்."

போன வருடம் எங்கள் வீட்டு வாசலில் நின்று நான் சொன்னது இது. சொல்லி முடிப்பதற்குள் ஜிம்மி எதிர்வீட்டு ஆச்சியின் முன்கையைக் கவ்விவிட்டான். முருங்கைக்கீரை கொடுக்க வந்தவர், பயத்தில் கையை வெடுக்கென்று இழுத்தார். எழுபதைத் தாண்டியவரின் தோல், வெங்காயச் சருகு மாதிரி இருக்கும், கிழிந்து ரத்தம் வழிந்தது. ஜிம்மி வாலை ஆட்டிக்கொண்டே நின்றான். அவனுக்கு ஆச்சியை ரொம்பப் பிடிக்கும், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. அதனால் ஆச்சிக்கு வலி குறைந்ததா?

ஜிம்மி லேப்ரடார். 35 நாள் குட்டியாக வாங்கி வந்தோம். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது, விற்றவரும் சொல்லவில்லை. அந்த எட்டு வாரத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும்போது ஒன்று கொஞ்சம் அழுத்திக் கடித்துவிட்டால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். தாயும் பால் குடிக்கும்போது பல் பட்டால் எழுந்து நகர்ந்துவிடும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக் குட்டி இப்படித்தான் கற்றுக்கொள்கிறது. பாதியில் பிரித்துக்கொண்டு வந்தால் மீதிப் பாடத்தை நாம்தான் நடத்த வேண்டும்.

நாங்கள் நடத்தியது நேர்மாறான பாடம். 28 பால்பற்களும் ஊசி ஊசியாக இருக்கும், விரலை ஆட்டி ஆட்டிக் காட்டுவோம், அவன் பாய்ந்து கவ்வுவான், வீடே சிரிக்கும், நான் அதைப் படம் பிடித்து இங்கேயே போட்டிருக்கிறேன், இருநூறு பேர் இதயம் போட்டார்கள். பிறகு பால்பற்கள் விழுந்து 42 நிரந்தரப் பற்கள் வந்தன, எடை முப்பது கிலோவை நெருங்கியது. நாங்கள் கைதட்டி வளர்த்த விளையாட்டைத்தான் அவன் ஆச்சியிடமும் விளையாடினான்.

அதனால்தான் "வாயிலேயே ஒரு போடு போடு, சரியாயிடும்" என்று அன்றைக்குப் பலர் சொன்னபோது என்னால் ஏற்க முடியவில்லை. அடி வாங்கிய நாய் மனிதக் கையைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொள்ளும். பயந்த நாயின் கடி இதைவிட மோசமானது. சில நாய்கள் அடியையும் விளையாட்டின் பகுதியாக எடுத்துக்கொண்டு இன்னும் துள்ளும்.

வெறிநோய் (ரேபிஸ்) ஊசி விஷயத்தைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். வீட்டு நாய்தானே, செல்லக்கடிதானே என்று விடக்கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் பிரிப்பின்படி வெறும் தோலில் பல் பட்டுச் சின்னக் கீறல் விழுந்தாலே, ரத்தம் வராவிட்டாலும், தடுப்பூசி தேவைப்படும் இரண்டாம் வகை. தோல் கிழிந்து ரத்தம் வந்தால் மூன்றாம் வகை, தடுப்பூசியோடு காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் வெறிநோய் எதிர்ப்பு மருந்தை (இம்யூனோகுளோபுலின்) மருத்துவர் ஊசியால் செலுத்த வேண்டும். முதலில் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக்கூடாது. ஜிம்மிக்கு வருடாந்திர ஊசி போட்டிருந்தும் ஆச்சிக்கு 0, 3, 7, 28 என்று நான்கு நாட்கள் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டோம். நான்கு முறையும் நான்தான் கூட்டிப் போனேன். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம் என்னும்போது இதில் கூச்சமோ சோம்பலோ பார்க்க முடியாது.

அப்புறம் ஜிம்மியை மாற்றினோம், அதாவது எங்களை மாற்றினோம். கையை வைத்து விளையாடுவது அன்றோடு நின்றது. பல் தோலில் பட்டால் கத்தாமல், கையை இழுக்காமல், அப்படியே அசையாமல் நின்றுவிட்டு, விட்டதும் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். அரை நிமிடம் போதும். கையை இழுத்தால் ஓடுகிற இரையைத் துரத்துவதுபோல் ஆகிவிடும். இதை வீட்டில் எல்லோரும் செய்ய வேண்டும், ஒருவர் மட்டும் "எனக்கு வலிக்கலையே" என்று கொஞ்சினால் அத்தனையும் வீண். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் என் அப்பா, அவரை வழிக்குக் கொண்டுவரத்தான் அதிக நாள் ஆனது. சாயங்காலம் ஓவராகத் துள்ளுகிற குட்டி பல நேரம் தூக்கம் போதாத குட்டி என்பதையும் பிறகுதான் புரிந்துகொண்டேன். குட்டிகளுக்கு நம்மைவிட அதிகமான தூக்கம் வேண்டும்.

இன்னொன்று, லேப்ரடாரின் வாய் சும்மா இருக்காது. சுட்டு வீழ்த்திய பறவையைப் பல் பதியாமல் கவ்விக்கொண்டு வரவே வளர்த்தெடுத்த இனம் அது. சந்தோஷம் வந்தால் அதன் வாய்க்கு ஏதாவது வேண்டும். ஆகவே கேட்டுக்குப் பக்கத்தில் முடிச்சுப் போட்ட பழைய துண்டு ஒன்றை மாட்டி வைத்தோம். யாராவது வந்தால் "துண்டு எங்கடா" என்போம்.

ஒரு எச்சரிக்கை. உடம்பு தளர்ந்து, பின்பக்கத்தைத் தூக்கி முன்னங்காலைத் தாழ்த்தி விளையாடக் கூப்பிடுகிற நாயைப் பற்றித்தான் இவ்வளவும் சொன்னேன். உடம்பு விறைத்து, உதடு சுருங்கி, சோற்றுத் தட்டைக் காத்துக்கொண்டு கடிக்கிற நாய் வேறு. அதை வீட்டு வைத்தியத்தில் சரிசெய்யப் பார்க்காதீர்கள், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது ஆச்சியின் குரல் கேட்டதும் ஜிம்மி ஓடிப்போய்த் துண்டைக் கவ்விக்கொண்டு வந்து, உடம்பே ஆடும்படி வாலை ஆட்டுகிறான். ஆச்சி இன்னும் கேட்டுக்கு வெளியே நின்றுதான் கீரையை நீட்டுகிறார். உள்ளே வாருங்கள் என்று நான் வற்புறுத்துவதில்லை. அவனை பெல்ட்டில் பிடித்துக்கொண்டு நானே வெளியே போய் வாங்கிக்கொள்கிறேன்.