புயல் வந்தால் கிராமத்து மக்களால் எதுவும் முடியாதா?

“ஏழைக் கிராமங்களில் பேரிடர்ப் பயிற்சி வீண். புயல் வந்தால் வெளியிலிருந்து ஆள் வந்துதான் காப்பாற்ற வேண்டும்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

வங்கதேசக் கடலோரத்தையே பாருங்கள். 1970 புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். அதன்பின் செஞ்சிலுவை அமைப்பும் அரசும் சேர்ந்து ஊர்க்காரர்களையே புயல் தன்னார்வலர்களாக்கின. இன்று அவர்கள் 70,000-க்கும் மேல். பாதிப் பேர் பெண்கள். ஆபத்து ஏற ஏறக் கம்பத்தில் ஒன்று, இரண்டு, மூன்று எனக் கொடி ஏற்றுவார்கள். மெகாபோனோடு வீடு வீடாகப் போய், நடக்க முடியாதவர்களை முகாமுக்குக் கூட்டி வருவார்கள். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக யார் இருக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்குத்தானே தெரியும்!

2007-இல் அதே கடலோரத்தைத் தாக்கிய சிதர் புயலும் கடுமையானதுதான். இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். அதுவும் பெரிய இழப்பே. சரி, எல்லாம் தன்னார்வலர்களால் மட்டுமா? இல்லை. முன்னறிவிப்பும் புயல் முகாம்களும் சேர்ந்துதான் உயிரிழப்பைக் குறைத்தன. ஆனால் எச்சரிக்கையைக் கடைசிக் குடிசை வரை கொண்டுபோனவர்கள் ஊர்க்காரர்கள்.

வங்கதேசச் செம்பிறைச் சங்கத்தின் (செஞ்சிலுவை இயக்கத்தின் அந்நாட்டு அமைப்பு) இணையதளத்தில் இந்தத் திட்டத்தைப் பற்றிப் படிக்கலாம். அந்த வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.