தாத்தாவின் பால்மா டின்னும் ஒரு இரும்புக் காகமும்

போன மாதம் மகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். கழிவுப் பொருட்களைக் கொண்டு ஓர் ஆக்கம் செய்துவர வேண்டும். தரம் 7 பிள்ளைகள். புறக்கோட்டைக்குப் போன நாளில், ஏதாவது கிடைக்குமா என்று ஒரு கடையில் கேட்டேன். "கழிவுப்பொருள் வேலைக்கோ அக்கா? இருக்கு" என்று சொல்லி, புத்தம்புது யோகட் கப்புகளை ஐம்பது ஐம்பதாகக் கட்டி வைத்திருந்ததை எடுத்துப் போட்டார். ஐஸ்கிரீம் குச்சிக் கட்டும் இருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டு வருகிறார்கள், விற்கிறார். ஆனால் அந்தக் கப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. இன்னும் ஒருவரும் பாவிக்காத ஒன்று எப்படிக் கழிவாகும்?

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். மகள் தானாகவே அலுமாரிக்கு மேலே இருந்த பால்மா டின்னை இறக்கினாள். அது அப்பாவுடையது. அப்பா பஞ்சிகாவத்தையில் ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவர். நட்டு, வொஷர், பெயாரிங், எரிந்துபோன ஸ்பார்க் பிளக் என்று எதையும் எறிய விடமாட்டார். "எப்பவாவது தேவைப்படும்" என்று அந்த டின்னில் போட்டு வைப்பார். அவர் போய் ஆறு வருடமாகிறது. மகள் ஒரு பெரிய பெயாரிங்கை வயிறாக வைத்தாள், ஸ்பார்க் பிளக்கைச் சொண்டாக்கினாள், கட்டுக்கம்பியால் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டி ஒரு காகம் செய்தாள். இரண்டு நாள் வேலை. விரலெல்லாம் கறுப்பு. அம்மா அதைக் கையில் வாங்கியதும் மணந்து பார்த்தார். "கொப்பாவின்ர சேட்டு மணம்" என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நாங்கள் ஒருவரும் கதைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அந்தக் காகத்தை எடுக்கவில்லை. துருப்பிடித்திருக்கிறது, பிள்ளைகளின் கையை வெட்டும், வேண்டுமென்றால் நல்ல நிறமாகப் பெயின்ற் அடித்துக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மகள் பெயின்ற் அடிக்க மறுத்துவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. மேசையில் வரிசையாக நின்றவை எல்லாம் யோகட் கப் பூச்சாடிகள்.

பிள்ளைகளையோ ரீச்சரையோ பேசுவதற்காக இதை எழுதவில்லை. வழக்கமில்லாத பொருளில் செய்த சிற்பம் என்றால் என்ன என்பதையே நாங்கள் பிழையாக விளங்கி வைத்திருக்கிறோம் என்று எனக்குப் படுகிறது. "அட, கரண்டியால் யானை செய்திருக்கிறான், அச்சு அசல் யானை மாதிரியே இருக்கு!" என்று பகிர்கிறோம், அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம். அந்த யானையைக் கரண்டிக்குப் பதில் ஆணியால் செய்திருந்தாலும் அதே "அட"தான் வந்திருக்கும். அப்படியானால் கரண்டிக்கு அங்கே என்ன வேலை? நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: பொருளை மாற்றினால் அந்தச் சிற்பத்தின் உயிர் போக வேண்டும். போகவில்லை என்றால் அது கைத்திறன். கைத்திறனை நான் மதிக்கிறேன், ஆனால் அது வேறு.

இதை எனக்கு விளங்க வைத்தவை தார் பரல்கள். என் வயதுக் கொழும்புத் தமிழர்களுக்குப் பரல் என்றவுடன் என்ன ஞாபகம் வரும் என்று சொல்லத் தேவையில்லை. சோதனைச் சாவடிகளில் வீதியின் குறுக்கே வைத்திருக்கும். பஸ் நிற்கும், இறங்க வேண்டும், அடையாள அட்டையை நீட்ட வேண்டும். எங்கே இருக்கிறாய், ஏன் வந்தாய், பொலிஸ் பதிவு எங்கே. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது. சந்திரகுப்த தேனுவர 1997இல் அந்தப் பரல்களையே எடுத்தார். இராணுவ உடையின் பச்சையும் மண்ணிறமும் பூசிக் காட்சிக்கு வைத்தார், அந்தப் பாணிக்குப் 'பரலிசம்' என்றே பெயரும் வைத்தார். ஒவ்வொரு வருடமும் ஜூலை 23இல், 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலை நினைத்து, கொழும்பில் கண்காட்சி வைக்கும் சிங்களக் கலைஞர் அவர். அந்தப் பரலை வெண்கலத்தில் வார்த்திருந்தால் யாரும் அதைச் சுற்றிவந்து அழகு பார்த்திருக்கலாம். உண்மையான தகரப் பரலாக நின்றபடியால் என் கை தானாகவே கைப்பையில் அடையாள அட்டையைத் தேடியது. இத்தனை வருடத்துக்குப் பிறகும்.

சிற்பி எல் அனட்சுயியின் வேலைகளைப் படத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன். கானாவில் பிறந்து நைஜீரியாவில் நெடுங்காலம் வேலை செய்தவர். சாராயப் போத்தல்களின் மூடிகளைத் தட்டையாக்கி, மடித்து, முறுக்கி, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று கோத்து, ஒரு சுவர் முழுவதையும் மூடும் பொன்னிறத் துணிபோலத் தொங்கவிடுவார். உலோகம்தான், ஆனால் பட்டுச் சேலை மாதிரி மடிந்து விழும். ஒவ்வோர் இடத்திலும் மடிப்பு வேறு, உருவம் வேறு. ஐரோப்பியர் ஆபிரிக்காவுக்குக் கொண்டுவந்த பண்டங்களில் மது ஒன்று, அடிமை வியாபாரத்தோடு பின்னிக் கிடந்த பண்டம். அந்த மூடிகளுக்குப் பின்னால் இருக்கும் வரலாறு அதுதான். 2015இல் இத்தாலியின் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சி அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருதைக் கொடுத்தது. தங்கத் தகட்டில் அதே சேலையைச் செய்திருந்தால் அது பணக்கார வீட்டு அலங்காரமாகத்தான் இருந்திருக்கும்.

அமெரிக்கக் கலைஞர் காரா வாக்கர் 2014இல் நியூயோர்க்கின் புரூக்லினில், இடிக்கப்படவிருந்த ஒரு பழைய சீனித் தொழிற்சாலைக்குள் ஒரு கறுப்பினப் பெண்ணை, சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட எகிப்திய ஸ்பிங்ஸ் வடிவில் படுக்க வைத்தார். தலையில் துணி கட்டியிருக்கிறாள். ஏறக்குறைய 75 அடி நீளம், 35 அடி உயரம், மேலே முழுக்க வெள்ளைச் சீனி. சுற்றிவர நின்ற சிறு பிள்ளைகளின் உருவங்கள் கோடை வெக்கையில் உருகி நிலத்தில் வழிந்தன. கரும்புத் தோட்டத்தில் செத்தவர்களின் உழைப்புத்தான் அந்த வெள்ளை.

சீனி என்றால் எங்களுக்குத் தேயிலை ஞாபகம் வர வேண்டும். கொழும்பில் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. மலையில் எங்கள் சனம் கிள்ளிய கொழுந்து இந்த நகரத்துக்கு வந்துதான் விலையானது, கப்பலேறியது. தேத்தண்ணீர்ச் சாயம் கோப்பையில் படிவதுபோல அது இந்த ஊரில் படிந்திருக்கிறது. மலையகத்திலிருந்து வரும் இளம் கலைஞர்கள் சிலர் தேயிலையையும் அதோடு சேர்ந்த பொருட்களையுமே எடுத்து வேலை செய்கிறார்கள். தயவுசெய்து தேடிப்போய்ப் பாருங்கள். அவர்களுக்குக் கைதட்ட வேண்டியவர்கள் முதலில் நாங்கள்.

2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்தபோது கரையெல்லாம் ஒதுங்கிய பிளாஸ்டிக் மணிகளும் ஞாபகம் இருக்கும். பார்வைக்குச் சவ்வரிசி மாதிரி. ஏறத்தாழ 1,680 தொன் என்று கணக்குச் சொன்னார்கள். அது எங்களிடம் வந்து சேர்ந்த பொருள். அதைக் கொண்டு யாராவது ஓர் ஆமையைச் செய்தால், அழகாக இருக்கிறதா இல்லையா என்று நான் கேட்கவே மாட்டேன்.

என் மாமா ஒருவர் இதையெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டார். சிலை என்றால் கல், இல்லாவிட்டால் வெண்கலம். மற்றதெல்லாம் விளையாட்டு. கொழும்பு நூதனசாலையில் பொலன்னறுவைச் சிவன் கோயில்களிலிருந்து வந்த செப்புத் திருமேனிகளைக் காட்டி, "உதுதான் பிள்ளை சிலை" என்பார். அவற்றின் முன்னால் நின்றால் எனக்கும் கை கூப்பத்தான் தோன்றும். ஆனால் அதே மாமா எந்த நல்ல காரியத்துக்கும் முதலில் என்ன செய்கிறார்? ஒரு பிடி மஞ்சளைக் குழைத்து, கூம்பாகப் பிடித்து, உச்சியில் அறுகம்புல்லைச் செருகி, "பிள்ளையார்" என்று வைக்கிறார். தும்பிக்கை இல்லை, தொந்தி இல்லை, காதும் இல்லை. ஆனாலும் பிள்ளையார்தான், அதில் ஒருவருக்கும் சந்தேகம் வராது. சாணியில் பிடித்தாலும் பிள்ளையார்தான். காரியம் முடிந்ததும் தண்ணீரில் கரைத்துவிடுகிறோம். உருவம் ஒத்துவர வேண்டும், காலத்துக்கும் நிற்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனையும் இல்லாமல், பொருளையும் அதைப் பிடித்த கையையும் மட்டும் நம்பி வணங்கி வந்தவர்கள் நாங்கள். எங்களுக்கா இந்தச் சிற்பங்கள் விளங்காது?

பொருளுக்கு ஞாபகம் உண்டு என்பதை எங்கள் ஆட்களே செய்து காட்டியும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படிப்பிக்கும் தா. சனாதனன், 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், சாதாரணச் சனத்திடமிருந்து சேர்த்த பொருட்களைக் கொண்டே ஒரு படைப்பு வைத்தார். 1981இல் எரிந்த அதே நூலகம். எரிந்த புத்தகங்கள் இருந்த இடத்தில் வீடுகளிலிருந்து வந்த பொருட்கள். இதில் விளக்கிச் சொல்ல என்ன இருக்கிறது?

சரி, மகளின் கதைக்கு வருகிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு கண்காட்சிகளுக்குப் போகும்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். படைப்புக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு அட்டையில், எந்தப் பொருளில் செய்தது என்ற வரியைத்தான் முதலில் வாசிப்போம். 2019இல் கொழும்பில் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் அது தமிழிலும் இருக்கும். அந்த வரியைத் தன் மொழியில் வாசிக்கிற பிள்ளை, அம்மாவிடம் மொழிபெயர்ப்புக் கேட்காமல் நேரே சிற்பத்தோடு கதைக்கத் தொடங்குகிறாள்.

போட்டிகள், கண்காட்சிகள் வைக்கும் ஆசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புள்ளி போடும் தாளில் ஒரு வரி சேருங்கள்: இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, உங்களிடம் வருவதற்கு முன் அது என்னவாக இருந்தது? பிள்ளை தன் வாயால் சொல்லட்டும். அம்மம்மாவின் உடைந்த மண்ணெண்ணெய் அடுப்பு என்று ஒருவர் சொல்லுவார், அண்ணாவின் கிழிந்த சப்பாத்து என்று இன்னொருவர். கைவெட்டும் என்ற பயம் நியாயம்தான், அதற்கு ஓர் அரத்தை எடுத்து முனையை ராவிவிடலாம். நாங்களும் இப்போது அப்படித்தான் செய்திருக்கிறோம். காகத்தின் சொண்டை மட்டும் கொஞ்சம் ராவினோம். துருவை விட்டுவிட்டோம்.