ஸ்டீவியா என்றால் சரியாகிவிடுமா?
சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் ஸ்டீவியா என்ற இனிப்பு, செடியின் இலையிலிருந்து வருவதால், மாவுச்சத்தையும் சர்க்கரையையும் விலக்கும் பேலியோ உணவுமுறைக்குச் சரி என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. ஸ்டீவியா பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள். பலவற்றில் டெக்ஸ்ட்ரோஸோ மால்டோடெக்ஸ்ட்ரினோ கலந்திருக்கும். இரண்டும் மாவுச்சத்திலிருந்து எடுப்பவை. அதைத்தானே விலக்கினோம்? இன்னொரு மாற்று இனிப்பான சுக்ரலோஸ் (இது செயற்கையானது) சர்க்கரையைவிடச் சுமார் 600 மடங்கு இனிப்பு. அதற்குப் பழகிய நாக்குக்கு ஆப்பிள் எப்படி இனிக்கும்?

நானும் இரண்டு வருடம் கறுப்புக் காபியில் இனிப்புச் சொட்டு விட்டுத்தான் குடித்தேன். இனிப்பு ஆசை துளிகூடக் குறையவில்லை. அப்புறம் அடியோடு நிறுத்தினேன். மூன்றாவது வாரம் வெறும் பாதாமே இனித்தது!

எடையைக் கட்டுப்படுத்த இந்தச் சர்க்கரை அல்லாத இனிப்புகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2023இல் பரிந்துரைத்தது, ஸ்டீவியாவையும் சேர்த்தே. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. அவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.