பிராக்டிகலா இருக்கச் சொல்றவங்களுக்கு

வியாழக்கிழமை சைட்ல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் இது. ஸ்லாப் போட வந்த ரெடிமிக்ஸ் கான்கிரீட் வண்டி ட்ராஃபிக்ல மாட்டி லேட்டு, கான்கிரீட் இறுகிடுச்சு, பம்ப் தள்ளல. "ரெண்டு குடம் தண்ணி விடுங்க சார், பிராக்டிகலா இருங்க"ன்னாங்க. மாட்டேன்னேன். உடனே "புக்குல படிச்ச எதிக்ஸை எல்லாம் இங்க கொண்டு வராதீங்க"ன்னு அட்வைஸ், அதுவும் நான் சைட் வேலை சொல்லிக் குடுத்த பையன்கிட்ட இருந்து.

சரி, பிராக்டிகலாவே பேசுவோம். கொள்கை வேணாம், விளைவை மட்டும் பாருங்க, ஆனா முழுசா பாருங்க. தண்ணி ஏறினா ஸ்ட்ரெங்த் இறங்கும். எம்25 கிரேடு கான்கிரீட்டுக்கு காசு வாங்கிட்டு அதைவிட ஸ்ட்ரெங்த் கம்மியான எம்20 ஸ்லாப் குடுக்கறது எந்த ஊர் பிராக்டிகல்? கான்கிரீட் அனுப்பின பிளான்ட் ஆளைக் கூப்பிட்டு அட்மிக்சர் (தண்ணி சேர்க்காமலே கான்கிரீட்டை இளக்கற கெமிக்கல்) விட்டு, டிரம்மை நல்லா சுத்தவிட்டு ஸ்லம்ப் (எவ்ளோ இளக்கமா இருக்குன்னு) பாருங்க, அப்பவும் சரிவரலைன்னா வண்டிய திருப்பி அனுப்புங்கன்னுதானே சொன்னேன்?

எனக்கு வேலை கத்துக்குடுத்த மேஸ்திரிக்கு கான்கிரீட் வேலைக்கான ஐஎஸ் 456 கோடுன்னா என்னன்னே தெரியாது. ஸ்லாப்புக்கு முட்டுக் குடுக்கற சென்ட்ரிங் வாடகை ஏறுதுன்னு ஓனர் எவ்ளோ கத்தினாலும் நாள் ஆகாம பிரிக்க விடமாட்டார். "வாடகை ஒரு வாரம்தான் சார், கீழ படுக்கப்போறது உங்க புள்ளைங்க"ம்பார். அவர் பாத்ததும் விளைவுதான். நம்மாளுங்க பாக்கற விளைவு பில் பாஸ் ஆகறதோட முடிஞ்சிடுது.

"சிட்டிகார்ப் எஞ்சினியரும் ஊருக்குச் சொல்லாமதானே சரி பண்ணார்"னு ஒருத்தர் கேட்டார். 1978, நியூயார்க், 59 மாடி சிட்டிகார்ப் கட்டடம். அதை டிசைன் பண்ண எஞ்சினியர் லெமெசூரியர், பலமான காத்துல ஜாயின்ட் தாங்காதுன்னு தெரிஞ்சதும் ஓனர்கிட்ட தானே போய் சொல்லி, ராத்திரி ராத்திரியா ஜாயின்ட்ல தகடு வெச்சு வெல்டிங் பண்ண வெச்சார். ஜனங்களுக்கு 1995 வரைக்கும் தெரியாது. அந்த மறைப்புக்கு எங்கிட்ட பதில் இல்ல, போங்க. ஆனா அவர் மறைச்சாலும் சரி பண்ணார், நீங்க மறைக்க மட்டும்தானே சொல்றீங்க?

"ரெண்டு குடத்துல பில்டிங்கா இடிஞ்சிடும்?" இடியாதுதான், கிராக் வரும், கசியும், கம்பி துருப்பிடிக்கும், அதெல்லாம் உங்க வீட்டுல இல்லையே. சென்னை மௌலிவாக்கத்துல 2014 ஜூன் 28ம் தேதி 11 மாடி கட்டடம் இடிஞ்சு 61 பேர் போனாங்களே, பெரும்பாலும் கூலி வேலைக்கு வந்தவங்க. அங்கயும் "இது போதும்"னு யாராவது சொல்லாமலா இருந்திருப்பாங்க?

நான் இருந்தா வேலை நகராதாம். சந்தோஷம். சைட் குரூப்ல இருந்து என்னைத் தூக்கினதும் பிராக்டிகல் முடிவுதான் போல. டெஸ்ட்டுக்கு எடுத்த கான்கிரீட் க்யூபோட ஏழாம் நாள் ஸ்ட்ரெங்த் ரிசல்ட் வந்ததும் எனக்கு மட்டும் தனியா அனுப்பிடுங்க, பாக்கணும்.