தேமா கவரில் என்ன எழுதியிருப்பான்?

எங்கள் ஊர் ஆலயத்தில் ஆராதனை நேரத்தில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களில், எதற்காக நன்றி செலுத்துகிறோம் என்று எழுதியிருப்பதை வாசிப்பார்கள். புது வீடு கட்டி முடித்ததற்காக, கனடா விசா கிடைத்ததற்காக, மகனுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்ததற்காக. வாசித்து முடித்த ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் சொல்வோம்) பீடத்தில் ஏறி, உலகத்தில் அன்புகூராதிருங்கள் என்று பிரசங்கிப்பார். உலகம் என்றால் சினிமா, செல்போன், வாலிபப் பெண்களின் உடை. (பையன்களின் உடையைப் பற்றி இன்றுவரை ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை.) வீடும் விசாவும் உலகத்தில் சேராது. அதெல்லாம் ஆசீர்வாதம்.

அப்போதெல்லாம் எனக்குத் தேமா ஞாபகம் வருவான்.

வேதத்தில் மூன்றே இடத்தில் வருகிற ஆள். பிலேமோனுக்கு எழுதும்போது அப்போஸ்தலனாகிய பவுல் அவனை மாற்கு, லூக்காவோடு சேர்த்து உடன்வேலையாள் என்கிறார். கொலோசெயர் நிருபத்தின் முடிவில் லூக்காவோடு சேர்ந்து வாழ்த்துதல் சொல்கிறான். இரண்டுமே பவுல் காவலில் இருந்தபோது எழுதியவை. ஆக, பயந்தாங்கொள்ளி என்று அவனைத் தள்ளிவிட முடியாது. மூன்றாவது இடம் 2 தீமோத்தேயு 4:10. தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து, என்னைவிட்டுப் பிரிந்து, தெசலோனிக்கே பட்டணத்துக்குப் போய்விட்டான்.

பாவத்துக்குப் பேர்போன சோதோமுக்கு இல்லை, கவனியுங்கள். தெசலோனிக்கேயில் பவுல் ஆரம்பித்த சபையே இருந்தது. மக்கெதோனியாவின் தலைநகர், பெரிய துறைமுகம், நல்ல வியாபாரம். கிறிஸ்துவை மறுதலித்தான் என்று பவுல் எழுதவில்லை. அங்கே போய் ஆராதனையைத் தவறவிடாமலே இருந்திருக்கலாம். நம் சபையாக இருந்தால் ஒரு கவர் வந்திருக்கும்: ‘தெசலோனிக்கேயில் நல்ல இடம் அமைந்ததற்காக, சகோ. தேமா.’ நாமும் ஆமென் சொல்லியிருப்போம்.

இன்னொன்று. ‘ஆசைவைத்து’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது அன்புகூருவதற்கான ‘அகப்பாவோ’ என்ற வினை. இரண்டு வசனம் முன்னால் கர்த்தரின் பிரசன்னமாகுதலை ‘விரும்பும்’ யாவருக்கும் என்று வருகிறதே, அங்கேயும் அதே வினைதான். தமிழில் இரண்டு சொல்லாகிவிட்டதால் நம் கண்ணில் படுவதில்லை.

அந்த அதிகாரத்தை மெதுவாக வாசித்தால் மனசு கேட்காது. துரோவாவில் கார்ப்பு வசம் விட்டுவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு, மாரிகாலத்துக்கு முன் வந்துவிடு என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார் அந்தப் பெரியவர். கூட இருப்பது லூக்கா மட்டும்.

நான் மட்டும் என்ன? பதினோரு வருடம் எடுத்த ஓய்வுநாள் பள்ளி (சண்டே ஸ்கூல்) வகுப்பை, சென்னையில் கூடுதல் சம்பளம் என்றதும் ஒரே வாரத்தில் விட்டுவிட்டு வந்தவன். ‘கர்த்தர் கதவைத் திறந்தார்’ என்று ஜெபித்து அனுப்பினார்கள். சம்பளம் வாங்குவது பாவம் என்று சொல்ல வரவில்லை. திறந்தது யார் என்று நான் ஒரு ராத்திரிகூட முழங்காலில் நின்று கேட்கவில்லை. வகுப்பில் இருந்த பதினாலு பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் யார் பாடம் எடுத்தார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

போன மாதம் கார் லோன் முடிந்தது. ஆலயத்தின் அசன விருந்துக்கு ஊருக்குக் கிளம்பும்போது மனைவி கவரையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு, “என்ன காரணம்னு எழுதட்டும்?” என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.

அப்புறம், “கார் லோன்னே எழுது” என்றேன்.