பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பலாமா?

ஞாயிற்றுக்கிழமை நம் பறவை பார்க்கும் குழு போன இடத்தில், கோடியக்கரையில் நடந்ததைக் கூட வந்தவர்கள் நேரில் பார்த்தீர்கள். வராதவர்களும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டீர்கள். பூநாரைக் கூட்டம் ஒரே வீச்சில் எழும்புகிறது, சிவப்பும் கறுப்புமாக இறக்கைகள் விரிகின்றன, பின்னால் "ஆகா" என்று குரல்கள். அந்தக் கூட்டம் தானாக எழும்பவில்லை. நம்மில் பெரியவர் ஒருவர் வரப்பிலிருந்து மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தார். இரண்டாவது கட்டி விழுந்ததும் பறந்தன. வீடியோ அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

நான் சத்தம் போட்டேன், உண்மை. மூன்று நாட்களாக அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன். இப்போது என் பங்கையும் கேளுங்கள்.

இரை தின்றுகொண்டிருந்த பறவையை எழுப்பிவிட்டோம். என் குற்றச்சாட்டு இவ்வளவுதான். பூநாரை கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைத்து, நாக்கால் நீரை இழுத்துத் தள்ளிச் சலித்துத் தின்கிறது. அதற்குக் கவளம் கவளமாக எதுவும் கிடைப்பதில்லை. மணிக்கணக்கில் சலித்தால்தான் வயிறு நிறையும். எழும்புவதற்கும் தண்ணீரில் சில அடி ஓட வேண்டும். அதன் காலடியில் கொசு உள்ளான் என்ற சின்னஞ்சிறு பறவைகள் சேற்றைக் கொத்திக்கொண்டிருந்தன, யாராவது கவனித்தீர்களா? இருபது முப்பது கிராம் எடைதான். ஆர்க்டிக் கரையில் முட்டையிடும் பறவை அது. அவ்வளவு தூரம் திரும்பிப் போவதற்கான கொழுப்பைச் சேர்க்கத்தான் இந்தச் சேற்றுக்கு வருகிறது. நம் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவரைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பினால் சும்மா இருப்போமா?

என் தாத்தா வேதாரண்யத்தில் உப்பு வாரியவர். பள்ளி விடுமுறையில் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். அவர் குதிகால் வெடிப்புகளில் உப்பு வெள்ளை வெள்ளையாக இறங்கியிருக்கும். வரப்பில் நடந்தாலே எரியும் கால் அது. ஒருநாள் எங்கள் வழியில் உள்ளான் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. நேரே போனால் கொட்டகை ஐம்பது அடிகூட இல்லை. தாத்தா என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "தின்கிறது அம்மா, சுற்றிப் போவோம்" என்றார். அந்தக் காலோடு நான்கு பாத்தி சுற்றி நடந்தார். பைனாகுலரைக் கண்ணால் பார்த்திராத மனிதர்.

"இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்துவிடுமே" என்கிறார்கள். வரவில்லை. நான் ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன். நீங்கள் வேனுக்குப் போய்விட்டீர்கள்.

"நீயும்தானே படம் எடுத்தாய்?" எடுத்தேன். உட்கார்ந்திருந்த பறவைகளை எடுத்தேன்.

"உப்பளமும் இறால் பண்ணையும் செய்யாத கெடுதலையா நாம் செய்துவிட்டோம்?" இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறீர்கள். அந்தக் கெடுதலை நான் மறுக்கவில்லை. 2004 சுனாமி இந்தக் கரையை அடித்தது, 2018இல் கஜா புயல் காட்டு மரங்களைச் சாய்த்தது. இத்தனைக்குப் பிறகும் வருகிற பறவையை நாமும் விரட்ட வேண்டுமா? வெளிமானுக்காக 1967இல் சரணாலயமாக்கிய இடம், 2002 முதல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ள இடம். சரணாலயத்துக்குள் காட்டுயிரைச் சீண்டக் கூடாது என்று 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. சட்டம் இருக்கட்டும். நம்மை யாரும் கட்டாயப்படுத்தி அங்கே அனுப்பவில்லை. பறவைகளைப் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டு போனவர்கள் நாம்.

"குழந்தைகள் சந்தோஷப்பட்டார்கள்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெரியவர் எறிந்ததைப் பார்த்து ஏழு வயதுப் பையன் ஒருவன் மூன்றாவது கட்டியை எடுத்தான். அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கியதுதான் என்மேல் உள்ள பெரிய கோபம். ஆமாம், பிடுங்கினேன். அவன் அழுதான். எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் அவன் கையில் கட்டி எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லையே.

ஆறு வருடங்களாக இந்தக் குழுவுக்கு வேன் பேசியவள் நான். அனுமதிக்கு அலைந்து, விடியற்காலை நான்கு மணிக்கு ஒவ்வொருவரையும் போன் செய்து எழுப்பியதும் நான்தான். நான் அண்ணன் என்று கூப்பிடுகிற ஒருவர் எல்லோர் முன்னாலும், "நீ வந்தாலே பயணம் கெட்டுப்போகிறது" என்றார். ஒருவராவது "அப்படிச் சொல்லாதீர்கள்" என்பீர்கள் என்று பார்த்தேன். வேனில் என் பக்கத்து இருக்கை திருவாரூர் வரை காலியாகவே வந்தது. மறுநாள் காலையில் என்னைக் குழுவிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். மண்ணாங்கட்டி எறிந்தவர் இன்னும் குழுவில் இருக்கிறார்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை நான் மறுபடியும் கோடியக்கரைக்குப் போகிறேன், பஸ்ஸில். என்னிடம் இரண்டு பைனாகுலர்கள் இருக்கின்றன. அந்தப் பையனின் அம்மா இதைப் படித்தால், அவனை அனுப்பி வையுங்கள். ஒன்று அவனுக்கு.