குறட்டை ஆம்பளைக்கு மட்டும் சொந்தமா?

குறட்டை என்றால் ஆம்பளை சமாச்சாரம் என்று தர்மபுரிப் பக்கம் ஒரு நினைப்பு உண்டு. ஐம்பது தாண்டிய அம்மா குறட்டை விட்டால் பேரப்பிள்ளை முதற்கொண்டு சிரிக்கும். காலையில் எழுந்ததும் தலை பாரமாக இருக்குது, நாளெல்லாம் அசதியா இருக்குது என்று அந்த அம்மாவே சொன்னால், "வயசாகுது இல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று பேச்சு முடிந்துவிடும். இன்னொரு பக்கம் பிபி மாத்திரை ஒன்றிலிருந்து இரண்டாகும். குறட்டை, தலைபாரம், பிபி மூன்றையும் சேர்த்து வைத்து யாரும் பார்ப்பதில்லை. மூன்றுக்கும் பின்னால் தூக்கத்தில் மூச்சு அடைபடும் கோளாறு இருக்கலாம், மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு அது கூடுகிறது. பாலக்கோடு பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறவன் என்ற உரிமையில் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கனடாவின் கியூபெக் நகரில் லாவல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே வின்சென்ட் ஜோசப் என்ற உடலியல் ஆய்வாளர் பல வருடமாக ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறார்: ஆக்சிஜன் குறையும்போது உடம்பு எப்படிச் சமாளிக்கிறது, அதில் சினைப்பை சுரக்கும் ஹார்மோன்களுக்கு என்ன வேலை? 2017இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வு ஒன்றில் சினைப்பை நீக்கிய பெண் எலிகளை எடுத்துக்கொண்டார்கள். ஆக்சிஜன் அடிக்கடி குறைந்து, மறுபடி ஏறும் காற்றில் அவற்றை வைத்தார்கள். தூக்கத்தில் மூச்சு அடைபட்டு அடைபட்டுத் திறக்கும் மனிதருக்கு நடப்பதும் இதுதான். ஹார்மோன் கிடைக்காத எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியது, திசுக்களில் ஆக்சிஜனேற்றச் சேதமும் கூடியது. எஸ்ட்ராடியால் (சினைப்பை சுரக்கும் எஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன்) கொடுக்கப்பட்டவை தப்பித்தன.

ஏன் அப்படி? கழுத்தில் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் அரிசி அளவுக்கு ஒரு உறுப்பு இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் முதலில் குரல் கொடுப்பது அதுதான். உடனே மூச்சு வேகமாகும், உடம்பை உஷார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் முறுக்கேறும், ரத்தக்குழாய் சுருங்கும். என்றைக்கோ ஒருநாள் நடந்தால் அது பாதுகாப்பு. ராத்திரி முழுக்க, மணிக்குப் பத்து இருபது தடவை நடந்தால் பகலிலும் பிபி இறங்காது. இந்தக் கூச்சலை அடக்கி வைப்பதில் எஸ்ட்ரோஜனுக்குப் பங்கு இருக்கிறது என்பதுதான் இந்த ஆய்வுகள் காட்டும் திசை.

எஸ்ட்ரோஜன் சும்மா ரத்தத்தில் மிதந்து வேலை செய்வதில்லை. செல்லுக்குள் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு ஏற்பி வேண்டும். 1958இல் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த எஸ்ட்ராடியாலை எலிக்குச் செலுத்தி, கருப்பை அதை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்வதைக் கண்டார். ஏற்பி என்ற ஒன்று இருப்பது அப்படித்தான் தெரிந்தது. அப்புறம் கிட்டத்தட்ட நாற்பது வருடம் ஒரே ஒரு ஏற்பி என்றே எண்ணிக்கொண்டிருந்தார்கள். 1996இல் ஸ்வீடனில் ஜான்-ஆக்கே குஸ்டாஃப்சன் குழு இரண்டாவதைக் கண்டுபிடித்தது. எங்கே தெரியுமா? ஆண் எலியின் புராஸ்டேட் சுரப்பியில்! பெண் ஹார்மோன், ஆண் ஹார்மோன் என்று வகுப்பில் கோடு போட்டுப் பிரித்துச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

ஆக்சிஜன் குறைவான மலை மேல் போனால் இந்த ஹார்மோனின் காவல் இன்னும் தெளிவாகத் தெரியும். நம்ம தர்மபுரி வத்தல்மலைக்கு அவ்வளவு உயரம் இல்லை, அதை இங்கே கணக்கில் சேர்க்க முடியாது. பெரு நாட்டில் செர்ரோ டி பாஸ்கோ என்ற சுரங்க ஊர் 4,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடலோரத்தில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்களிலும் சிலருக்கு ரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகி, ரத்தம் கெட்டியாகி, தலைவலியும் மூச்சுத்திணறலும் வரும். ஆணுக்கு ஹீமோகுளோபின் 21, பெண்ணுக்கு 19 தொட்டால் அது அளவு மீறல். இந்த நோய் பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் வருகிறது. ஆனால் ஃபாபியோலா லியோன்-வெலார்டே குழு 1997இல் அதே ஊர்ப் பெண்களைப் பார்த்தபோது, மாதவிடாய் நின்றவர்களிடம் இது கூடுதலாக இருந்தது. அதுவரை காவல் இருந்த ஏதோ ஒன்று அந்த வயதில் விலகிக்கொள்கிறது. (ஹீமோகுளோபின் எட்டோடு காடு கழனிக்குப் போகிற நம்ம ஊர்ப் பெண்களுக்கு 19 என்பது கனவு எண். அது வேறு பதிவு.)

தூக்க விஷயத்திலும் அதே கதைதான். அமெரிக்காவில் விஸ்கான்சினில் 2003இல் வந்த ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடும் வாய்ப்பு, நிற்காதவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு. வயதையும் எடையையும் கழித்துப் பார்த்த பிறகும் அவ்வளவு.

இவ்வளவு தாமதமாகத்தான் இதெல்லாம் தெரிய வேண்டுமா? பெண் எலிக்கு நான்கைந்து நாளுக்கு ஒருமுறை ஹார்மோன் சுழல்கிறது, கணக்குக் குழம்பும் என்று சொல்லி வெகுகாலம் ஆண் எலியை மட்டுமே வைத்துச் சோதித்தார்கள். இரண்டு பாலையும் கணக்கில் எடு என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் விதி போட்டதே 2016இல்தான். எனக்கு இதில் கோபம் உண்டு.

அதைவிடக் கோபம் இங்கே நடப்பதில். "கர்ப்பப்பையை எடுத்தாச்சு சார், தொல்லை விட்டுச்சு" என்று நாற்பது வயதிலேயே சொல்லும் பெண்கள் நம்ம பக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கூடவே ஓவரியையும், அதாவது சினைப்பையையும், எடுத்தார்களா என்று கேட்டால் தெரியாது. டிஸ்சார்ஜ் காகிதம் பீரோவில் எங்கேயோ கிடக்கும். புற்றுநோய் மாதிரிக் காரணம் இருந்தால் எடுக்கத்தான் வேண்டும், அதில் விவாதமே இல்லை. ஆனால் "இனிமே பிள்ளை பெறப் போறதில்லையே, அது எதுக்கு" என்று சொல்லி எடுப்பது வேறு. பிள்ளைப்பேறு முடிந்த பிறகும் அந்தச் சுரப்பிக்கு இதயத்திலும் எலும்பிலும் மூச்சிலும் வேலை இருக்கிறது.

அப்படியானால் எஸ்ட்ரோஜன் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா என்று யாராவது கிளம்பிவிடாதீர்கள். எலியில் கிடைத்த பலன் மனிதரிடம் அப்படியே கிடைக்காது. எஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (செயற்கையாகச் செய்த இன்னொரு பெண் ஹார்மோன்) சேர்த்துக் கொடுத்த பெரிய அமெரிக்க ஆய்வை 2002இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக்கட்டு எல்லாம் கூடியது. யாருக்கு, எந்த வயதில், எவ்வளவு என்பது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

நான் கேட்பது அதைவிடச் சின்னது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5இல் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைத்தார்கள். தன்னார்வலர் அக்காக்கள் வீடு தேடி வந்து பிபி, சுகர் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல திட்டம், நான் குறை சொல்லவில்லை. அந்த அக்கா கேட்கும் கேள்விகளோடு மூன்று சேர்க்கட்டும். மாதவிடாய் எந்த வயதில் நின்றது? ஆபரேஷன் என்றால் ஓவரியையும் எடுத்தார்களா? ராத்திரி குறட்டை, காலையில் தலைவலி, பகலில் அசதி உண்டா? கடைசிக் கேள்வியில் குறட்டையோடு நிறுத்திவிடக் கூடாது. பெண்கள் பலர் குறட்டையைச் சொல்ல வெட்கப்படுவார்கள், "தூக்கமே வரல" என்றுதான் சொல்வார்கள்.

தூக்கப் பரிசோதனைக்கு சேலத்துக்கோ பெங்களூருக்கோ போ என்றால் கூலி வேலைக்குப் போகிறவர் எப்படிப் போவார் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் மூன்று மாத்திரை போட்டும் பிபி இறங்காத அம்மாவுக்கு நான்காவது மாத்திரை எழுதும் முன், இந்த மூன்று பதில்களும் டாக்டர் கையில் இருந்தால் அவர் யோசிக்கும் விதமே மாறும். அதற்குப் பெங்களூர் போக வேண்டாம். முதலில் சாமனப்பள்ளியிலேயே செய்து பார்க்கலாம்.